அஸ்பெஸ்டாஸைக் கழற்றிட்டு என்ன போடுறது? மலைநாட்டு ஈரத்துக்கும் குளிருக்கும் தாங்குற கட்டுமானப் பொருட்கள்

டிக்கோயா7பேர்ச்
வீட்டு விவரத்தை முதல்லயே போட்டுர்றேன். இலங்கை மலைநாட்டுல டிக்கோயா பக்கம், 4,000 அடி உயரத்துக்கு மேல. 20 அடிக்கு 27 அடி. கீழே 3 அடிக்குக் கருங்கல், அதுக்கு மேல சிமெந்துக் கல்லு. கூரை 30 வருசம் தாண்டின அஸ்பெஸ்டாஸ், சாய்வு 20 பாகை, இறவாரம் சுத்தி 2 அடி. மேல பாசி, ரெண்டு சீட்டுல வெடிப்பு. சீலிங் கிடையாது. பின்பக்கம் விறகடுப்பு. உள்சுவர்ல முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி பெயின்ட் உரியுது. கூரை மாத்தணும், சுவர் சரிபண்ணணும், கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கணும். வீட்ல சின்னப் பிள்ளைகள் இருக்கிறதால விசம் குறைஞ்ச பொருளாப் பாக்குறேன். எதுல தொடங்குறது?

கூரைபாஸ்
புதுக்கூரையோட கலரையும் தடிப்பையும் பிறகு பாப்போம். அஸ்பெஸ்டாஸ் சீட் செய்ற ஒரு வேலையை யாரும் கணக்குல எடுக்கிறதில்லை. அது ஈரத்தைக் குடிக்கும். இரவுக் குளிர்ல வீட்டுக்குள்ள இருக்கிற ஈரக்காத்து கூரையில பட்டு நீராகும்போது சிமெந்துச் சீட் அதுல ஒரு பங்கை உறிஞ்சி வச்சு, வெயில் வந்ததும் விட்டுரும். தகரம் குடிக்காது, சொட்டும். நாலு பேர் இருக்கிற வீட்ல சமையல், குளிப்பு, உள்ளே காயப்போடுற துணி, மூச்சு எல்லாம் சேர்ந்து நாளைக்குச் சுமார் 10 லீட்டர் தண்ணி காத்துல கலக்குது. அதனால அஸ்பெஸ்டாஸைக் கழற்றிட்டு வெறும் தகரம் போட்டா, அஸ்பெஸ்டாஸ் நாரை வெளியேத்திட்டு பூஞ்சணத்தையும் இழுப்பையும் உள்ளே கூப்பிட்ட மாதிரி.

உங்க கூரை இறவாரத்தோட 790 சதுர அடி அளவு வரும், அதாவது 73 சதுர மீட்டர். இப்ப மேல கிடக்கிற அஸ்பெஸ்டாஸ் ஒரு டன் அளவு. அமானோ சீட்னு கடையில சொல்ற சிங்க்-அலுமினியத் தகரம் 0.47 மி.மீ. போட்டா 320 கிலோவுக்குக் கிட்ட. கலிக்கட் ஓடுன்னா 3 டன்னைத் தாண்டும், அதோட 20 பாகைச் சாய்வு பத்தாது. காத்தோட அடிக்கிற மழையில ஓட்டுக்கு அடியில தண்ணி ஏறும். 30 பாகைக்கு உயர்த்தணும்னா கைமரம் (முகட்டுல இருந்து சாய்வா இறங்குற மரம்) எல்லாம் புதுசு. ஓடு நல்ல பொருள்தான், ஆனா இந்த வீட்டுக்கு இல்லை.

லயத்துமேசன்
ஏன் எல்லாரும் தகரத்துக்கே ஓடுறீங்க? அஸ்பெஸ்டாஸ் இல்லாத பைபர் சிமெந்து சீட் இருக்கே. சிமெந்துக்குள்ள மரக்கூழ் நாரும் செயற்கை நாரும். சீட்டைத் தாங்குற குறுக்கு மரம், அதான் வளை, அதை அப்படியே வச்சுக்கலாம், சொட்டாது, மழைச் சத்தம் குறைவு. இன்னொரு கேள்வியும் கேக்குறேன்: வெடிக்காத பழைய சீட்டை எதுக்குக் கழற்றணும்? உடைக்காம விட்டா நார் சிமெந்துக்குள்ளதான இருக்கும்?

ஈரத்துணி
மேசன் அண்ணே சொல்றதுல பாதி சரி. அலை சீட்டுல 10 சதவீதம் அளவுக்குத்தான் வெள்ளை அஸ்பெஸ்டாஸ், மிச்சம் சிமெந்து. புதுச் சீட் சும்மா கிடந்தா வெளிவர்ற நார் ரொம்பக் குறைவு. ஆனா 30 வருச மழையும் பாசியும் மேல் சிமெந்தை அரிச்சிருக்கும். அரிச்ச சீட்டோட நார் மழைத்தண்ணியில இறங்கி, கூரை ஓரத்துல தண்ணி வடியிற பீலியில சேறாத் தங்கும். அந்தச் சேறு காஞ்ச பிறகு யாராவது விளக்குமாத்தால கூட்டினா பறக்கும். இந்த வீட்ல வெடிப்பும் இருக்கு, சீலிங்கும் இல்லை. கழற்றுறதுதான் சரி.

வெள்ளை, நீலம், பழுப்பு எல்லா வகையையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு முதல் வகுப்புலதான் வச்சிருக்கு. இலங்கையில நீல வகை 1987லயே தடை. நோய் தெரிய வர 20, 30, 40 வருசம் ஆகுறதால "எங்கப்பா காலத்துல இருந்து இருக்கு, ஒண்ணும் ஆகலையே"ங்கிற பேச்சுக்கு அர்த்தமே இல்லை. பீடி, சிகரெட் குடிக்கிறவங்களுக்கு நுரையீரல் புற்று அபாயம் பல மடங்கு ஏறும்.

கொழுந்துகணக்கு
இதுல ஒரு சங்கதி நம்ம மலையோட சம்பந்தப்பட்டது. அரசாங்கம் அஸ்பெஸ்டாஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் திட்டம் போட்டிருந்த நேரம், 2017 டிசம்பர்ல ரஷ்யா நம்ம தேயிலையை நிறுத்திருச்சு. காரணம்னு சொன்னது தேயிலைப் பொதியில இருந்த ஒரு கப்ரா வண்டு. கொழும்பு அஸ்பெஸ்டாஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிவச்சது, மாதம் முடியிறதுக்குள்ள தேயிலைத் தடையும் போயிருச்சு. வெள்ளை அஸ்பெஸ்டாஸ் பெரும்பாலும் வர்றதே ரஷ்யாவுல இருந்துதான், இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. தளிர் கிள்ளுறவங்க தலைக்கு மேலயே அந்தச் சீட்.

டிக்கோயா7பேர்ச்
சரி, கழற்றுறோம்னு வச்சுக்குவோம். பழைய சீட்டுக்கு மேலயே தகரத்தை அடிச்சு மூடிரலாம்னும் வேற ஒரு கூரை வேலைக்காரர் சொல்றார். செலவு குறையுமாம்.

ஈரத்துணி
வேண்டாம். அப்படி அடிக்க ஒவ்வொரு திருகாணிக்கும் அஸ்பெஸ்டாஸ்ல துளை போடணும். நூத்துக்கணக்கான துளை, எல்லாத் தூளும் சீலிங் இல்லாத வீட்டுக்குள்ள. உக்கின சீட் மேல ஆள் ஏறி நிக்கவும் முடியாது. இந்த வேலையில நாருக்கு முன்னாடி ஆளைக் கொல்றது கூரை உடைஞ்சு கீழ விழுறதுதான்.

கழற்றுற முறையைச் சொல்றேன். காத்து இல்லாத காலை நேரம் பாருங்க. டிக்கோயா பக்கம் தை, மாசி நல்லது. பண்டாரவளை, பதுளை ஆட்கள் வாசிச்சா: ஆனி ஆடியில மழை இல்லையேன்னு தொடங்காதீங்க, அப்ப அடிக்கிற காத்து தூளைப் பக்கத்து லயம் (தோட்டத்து வரிசை வீடு) வரைக்கும் கொண்டுபோகும். பெப்ரவரி கடைசி, மார்ச்தான் அங்க தோது. பிள்ளைகள் வேற வீட்ல. சட்டி, பாய், அரிசி எல்லாம் வெளியே. வெளியேத்த முடியாததைப் பொலித்தீனால மூடிக் கட்டுங்க.

10 லீட்டர் தண்ணியில ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவுற திரவம் கலந்து, தேயிலைக்கு மருந்தடிக்கிற முதுகு டாங்கியால மேலயும் அடியிலயும் நனைங்க. புது டாங்கியா இருக்கணும், களைநாசினி அடிச்சது வேண்டாம். சவர்க்காரம் சேர்த்தாத்தான் தண்ணி ஊறும், வெறும் தண்ணி பாசி மேல வழிஞ்சு ஓடிரும். வேலை நடக்க நடக்கத் திரும்பத் திரும்ப நனைக்கணும். உயர் அழுத்தக் குழாயால பாசியைக் கழுவப் போகாதீங்க, அதுதான் இருக்கிறதுல மோசமான வேலை. நனைஞ்ச கூரை வழுக்கும். அதனால மேல ஏறாம, முடிஞ்சவரை உள்ளே சாரம் கட்டி அடியில இருந்து கழற்றுங்க. மேல போயே ஆகணும்னா வளைக்கு வளை பலகை போட்டு, இடுப்புக் கயிறோட.

சீட்டை வளையோட பிடிக்கிற ஜே ஆணி துருப்பிடிச்சிருக்கும். சுத்தியலால அடிச்சுத் தள்ளினா சீட் உடையும். போல்ட் கட்டரால தலையை வெட்டுங்க. கிரைண்டர் அந்தப் பக்கமே வரக்கூடாது. சீட்டை இழுக்காம ரெண்டு பேர் தூக்கி, கீழ நிக்கிறவங்க கையில கொடுக்கணும். எறியவே கூடாது. கீழ ஆயிரம் கேஜ் பொலித்தீனை விரிச்சு வச்சு, 8 அல்லது 10 சீட்டா அடுக்கி, ரெண்டு சுத்துச் சுத்தி டேப் ஒட்டி, "அஸ்பெஸ்டாஸ், உடைக்காதே"ன்னு மூணு மொழியிலயும் எழுதிருங்க.

முகமூடி: ஆஸ்பத்திரி நீல முகமூடி பிரயோசனமே இல்லை. நுண்ணிய தூளைத் தடுக்கிற எஃப்எஃப்பி3 முகமூடி, இல்லாட்டி பி3 வடிகட்டி போட்ட ரப்பர் அரைமுகமூடி. தாடி இருந்தா விளிம்பு ஒட்டாது, மழிக்கணும். போட்டிருக்கிற உடுப்பை உதறாம, நனைச்சு, வேற துணியோட சேர்க்காம கழுவணும். தூக்கி எறியிற முழு உடுப்பு கிடைச்சா ரொம்ப நல்லது. முடிஞ்ச பிறகு வளை, சுவர் உச்சி, தரை எல்லாத்தையும் ஈரத்துணியால துடைச்சு, அந்தத் துணியையும் சீட்டோட கட்டுங்க. விளக்குமாறு வேண்டாம், வீட்டு வெக்குவம் கிளீனரும் வேண்டாம். அது நாரைப் பின்பக்கத்தால காத்துல ஊதிரும்.

லயத்துமேசன்
கழற்றின சீட்டைக் கொண்டுபோய் எங்க வைக்கிறது? ஊர்ல எல்லாரும் கோழிக்கூட்டுக்கும் கக்கூஸ் கூரைக்கும் கேட்டு வாங்கிட்டுப் போவாங்களே.

ஈரத்துணி
கொடுக்காதீங்க. மரக்கறிப் பாத்திக்கு வரம்பு, சேத்துப் பாதையில உடைச்சுப் போடுறது, அடுப்புக்குப் பின்னால தடுப்பு, எல்லாத்தையும் பாத்தாச்சு. கடைசிதான் பயங்கரம், சிமெந்துக்குள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி, சூட்டுல சீட் வெடிச்சுச் சிதறும். வேலை தொடங்குறதுக்கு முந்தியே பிரதேச சபையிலயும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கிட்டயும் இடம் கேட்டு வச்சுக்குங்க. சொந்தமாப் புதைக்கச் சொன்னா, ஓடைக்கும் தண்ணி பிடிக்கிற பீலிக்கரைக்கும் தூரமா, சரிவு இல்லாத மண்ணுல, மேல ஒரு மீட்டர் மண் வர்ற மாதிரி. மண்சரிவு இடத்துல புதைச்சா அடுத்த மழையில அது கீழ் லயத்து வாசல்ல வந்து நிக்கும். 2025 நவம்பர்ல வந்த டித்வா புயல் இடிபாட்டுல உடைஞ்சு கிடக்கிற சீட்டுக்கும் இதே விதிதான்: முதல்ல நனை, பிறகு தொடு.

கூரைபாஸ்
இப்ப புதுக்கூரை. மேசன் அண்ணன் சொன்ன பைபர் சிமெந்து தப்பில்லை. ரெண்டு விசயம் மட்டும் பாருங்க. கண்ணால பாத்து அஸ்பெஸ்டாஸ் இருக்கா இல்லையான்னு சொல்லவே முடியாது. சாம்பல் நிறம், பச்சை நிறம், எதுவும் அடையாளம் இல்லை. பில்லுல "அஸ்பெஸ்டாஸ் அற்றது"ன்னு எழுதி வாங்குங்க. வெட்டும்போது அதுலயும் சிலிக்காத் தூள் வரும், நனைச்சுக் கைவாளால வெட்டணும்.

தகரம் போடுறதா இருந்தா என் கணக்கு இது. பழைய வளை இடைவெளி அஸ்பெஸ்டாஸுக்கு வச்சது. 0.47 சீட்டுக்கு நடுவுல 3 அடி, இறவாரத்துலயும் முகட்டுலயும் இரண்டரை அடிக்கு ஒரு வளை. கூரை 700 கிலோ கனம் குறையுது, அதனால தென்மேல் பருவக்காத்து தூக்கப் பாக்கும். கைமரத்தைச் சுவர்மேல் மரத்தோட தகரப் பட்டியால கட்டி, அந்த மரத்தைச் சுவர்ல போல்ட் போட்டு இறக்கணும். ஓரத்துலயும் முகட்டுலயும் ஒவ்வொரு அலைக்கும் திருகாணி, நடுவுல ஒண்ணு விட்டு ஒண்ணு. ரப்பர் வாசர் லேசா விரியிற வரைக்கும் போதும். பிதுங்கினா ரெண்டு வருசத்துல வெடிச்சு ஒழுகும். சீட்டைக் கிரைண்டரால வெட்டினா ஓரத்துப் பூச்சு கருகி அங்கயே துரு பிடிக்கும், பொறி விழுந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியா வரும். தகரக் கத்தரிதான்.

கூரை வியர்வைக்கு, அதாவது தகரத்துக்கு அடியில சொட்டுற நீருக்கு: சீட்டுக்கு அடியில வெள்ளிப் படலம் ஒட்டின போம் விரிப்பு, அதுக்குக் கீழ இடைவெளி, அதுக்குக் கீழ சீலிங். அந்த இடைவெளி மூச்சு விடணும். இறவாரத்துல நீளம் முழுக்க ஒரு அங்குலத் திறப்பு, பூச்சி வலை அடிச்சு. முகட்டுலயும் காத்து போக வழி. ஆட்கள் செய்ற தப்பு, குளிருதுன்னு இறவாரத்தைச் சிமெந்தால அடைக்கிறது. அடைச்ச வருசமே சீலிங் மூலையில கறுப்புப் புள்ளி வரும். விறகடுப்புக்குத் தனிப் புகைபோக்கி கூரைக்கு மேல வரைக்கும் போகணும், சீலிங்குக்கு மேல பாதியில விட்டா நீராவி முழுக்க அந்த இடைவெளிக்குள்ளதான் போகும்.

டிக்கோயா7பேர்ச்
சீலிங்குக்கு பிவிசி பனல் சொல்றாங்க, மலிவு, கழுவலாம்னு. மரத்தூளைப் பசையில அழுத்திச் செய்ற எம்டிஎஃப் பலகையும் ஒருத்தர் சொன்னார்.

தச்சன்தலவாக்கலை
விறகடுப்பு இருக்கிற வீட்ல பிவிசி வேண்டாம். தீ பிடிச்சா அதுல இருந்து வர்ற ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை, ஆள் ஓடுறதுக்கு முந்தியே மூச்சை அடைக்கும். மலிவுப் பனல்ல பதப்படுத்த ஈயம் சேர்க்கிறதும் உண்டு. எம்டிஎஃப், சிப்போர்ட் எல்லாம் யூரியா-ஃபோர்மல்டிஹைட் பசையில செய்றது. ஈரம் ஏற ஏற அந்தப் பசை கரைஞ்சு ஃபோர்மல்டிஹைட் கூடுதலா வெளியே வரும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். மலையில ஈரமும் ஜாஸ்தி, குளிருக்கு ஜன்னலும் பூட்டியே இருக்கும். வாங்கியே ஆகணும்னா ஃபோர்மல்டிஹைட் குறைவுன்னு காட்டுற ஈ1, அதைவிட நல்லது ஈ0 முத்திரை பாருங்க, வெட்டின ஓரத்தையெல்லாம் பெயின்டால அடைச்சுருங்க. ஓரம்தான் அதிகம் விடும்.

நான் சொல்றது பலகை. தேயிலைத் தோட்டத்து நிழல் மரமான கிரெவிலியா, இல்லாட்டி பைன், முக்கால் அங்குலத்துக்குக் குறையாம அறுத்து, காய வச்சு, நாக்கும் பள்ளமும் எடுத்து அடிக்கலாம். பச்சையா அடிச்சா மூணு மாசத்துல சுருங்கி இடைவெளி விடும். மரத்தை அரிக்கிற உளுவுக்கு வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும்: 10 லீட்டர் வெந்நீருக்கு வெங்காரம் 600 கிராம், போரிக் அமிலம் 400 கிராம். முழுக்கக் கரையிற வரைக்கும் கலக்கி, ஒரு கை காஞ்சதும் அடுத்த கைன்னு மூணு கை அடிங்க. வெட்டின முனையைக் கரைசல்லயே முக்கி வைங்க. பூச்சு, வார்னிஷ் எல்லாம் அதுக்குப் பிறகுதான். மழை படுற மரத்துக்கு இது உதவாது, கரைஞ்சு போயிரும். கையுறை போடுங்க, பிள்ளைகள் கைக்கு எட்டாம வைங்க.

நம்ம பக்கம் வழக்கமா அடிக்கிற பழைய எஞ்சின் ஒயிலை வீட்டுக்குள்ள எந்த மரத்துக்கும் அடிக்காதீங்க. எரிஞ்ச எண்ணெயில புற்றுநோய் உண்டாக்குற சேர்மங்களும் கன உலோகங்களும் சேர்ந்திருக்கு, அது காயவும் காயாது. பழைய ரயில் சிலீப்பர் கட்டையும் அப்படித்தான், கிரியோசோட்ங்கிற தார் எண்ணெய் ஊறினது. வாசல் படிக்குக்கூட வேண்டாம். பச்சை சாயம் ஏறின மரத்தூண் கிடைச்சா செம்பு, குரோமியம், ஆர்செனிக் போட்டதா இருக்கலாம். அது மேல சிங்க்-அலுமினியத் தகரத்தை நேரா வச்சா தகரம் அரிக்கும். வெட்டின துண்டை அடுப்புல போட்டா ஆர்செனிக் சாம்பல்ல தங்கும், அந்தச் சாம்பலால சட்டி விளக்குற வீடுகள் இன்னும் இருக்கு.

சுண்ணாம்புபண்டாரவளை
சுவருக்கு வருவோம். கருங்கல் அடியில ஈரத்தடுப்புப் படை இருக்காது, மண்ணுல இருந்து ஈரம் ஏறிக்கிட்டேதான் இருக்கும். அது மேல சிமெந்துப் பூச்சும் பிளாஸ்டிக் எமல்சனும் போட்டா வெளியே போக வழியில்லாம இன்னும் மேல ஏறும், பெயின்டைத் தள்ளும். "வாட்டர்புரூஃப்" பூச்சு போட்டா முழங்கால் உயரத்து ஈரம் இடுப்பு உயரத்துக்கு வரும், அவ்வளவுதான். முதல்ல வெளியே பாருங்க. மேட்டுப் பக்கச் சுவரோட மண் ஒட்டியிருந்தா, உள் தரையைவிட அரை அடி தாழ வெட்டி, சரளை போட்ட வடிகான் எடுங்க. மேட்டை அதுக்கு மேல வெட்டப் போறதா இருந்தா தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துல கேக்காம மண்வெட்டியைத் தூக்காதீங்க.

பிறகு உள்ளே ஈரம் தெரியிற உயரத்துக்கு மேல ரெண்டு அடி வரைக்கும் சிமெந்துப் பூச்சைக் கொத்தி எடுத்து, ரெண்டு வாரம் காத்தாட விட்டு, சுண்ணாம்புப் பூச்சு போடுங்க. நீர்த்த சுண்ணாம்புக் களி ஒண்ணு, கழுவின கூர்மணல் மூணு. ஒரு படைக்கு 10 மி.மீ. தாண்டாம ரெண்டு படை, இடையில ஒரு வாரம். கடகடன்னு காயவிடக்கூடாது, ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஏழு நாள் ஈரமா வைங்க. காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்துத்தான் இது இறுகும், அவசரப்பட்டா தூளாக் கொட்டும். பனி விழுற வாரத்துல தொடங்காதீங்க.

தோட்டத்துல கிடைக்கிற டொலமைட் தூளைச் சிலர் சுண்ணாம்புன்னு நினைச்சுக் கலக்குறாங்க. அது சுடாத கல்லை அரைச்சது, மண்ணோட புளிப்பைக் குறைக்கத் தேயிலைக்குப் போடுறது. சுவர்ல ஒருநாளும் இறுகாது. சூளையில சுட்ட சுண்ணாம்புதான் வேணும். சுட்ட கல்லை நீர்க்கும்போது தண்ணியில சுண்ணாம்பைப் போடணும், சுண்ணாம்பு மேல தண்ணி ஊத்தினா கொதிச்சு முகத்துல தெறிக்கும். கண்ணாடி கட்டாயம். கண்ணுல பட்டா 20 நிமிசம் ஓடுற தண்ணியில கழுவிக்கிட்டே ஆளை அனுப்பி வண்டி பிடிங்க. கையைச் சிமெந்தும் சும்மா விடாது. அதுல இருக்கிற குரோமியத்தாலதான் மேசன்மாருக்குக் கை வெடிச்சுச் சொறி வருது.

மேலே வெள்ளையடிக்க, களியைப் பால் பதத்துக்குக் கரைச்சு, சுவரை நனைச்சு, மெல்லிசா நாலு கை. கெட்டியா ஒரே கை அடிச்சா உரியும். உப்பு போட வேண்டாம், நம்ம ஈரத்துல உப்பே தண்ணியை இழுக்கும். பசை கலந்தா சுவரோட மூச்சு அடைபடும், பிறகு சுண்ணாம்பு அடிச்சதுக்கே அர்த்தம் இல்லை.

லயத்துமேசன்
சுண்ணாம்புல ஒரு குறை இருக்கு, சொல்லிர்றேன்: துணியில ஒட்டும். கட்டில் சாயுற இடத்துல பலகை அடிச்சுருங்க.

டிக்கோயா7பேர்ச்
கதவு ஜன்னல் பழைய எனமல். மஞ்சளும் பச்சையும் மாத்தி மாத்தி நாலஞ்சு தரம் அடிச்சிருக்கு. சுரண்டிட்டுப் புதுசு அடிக்கலாமா?

ஈரத்துணி
அந்த மஞ்சளும் பச்சையும்தான் சந்தேகத்துக்குரியது. பழைய எனமல்ல பளிச்சுன்னு மஞ்சள், சிவப்பு, பச்சை வர்றதுக்கு ஈயக் குரோமேட் போடுவாங்க. 2013ல நம்ம நாட்டுல நடைமுறைக்கு வந்த ஈய வரம்பு எனமலுக்கு 600 பிபிஎம் (பத்து லட்சத்துல 600 பங்கு), எமல்சனுக்கு 90. உலக அளவுல பரிந்துரைக்கிறது எல்லாத்துக்குமே 90. வாங்கும்போது 90க்குக் கீழன்னு டின்னுல போட்டதை எடுங்க. பிள்ளைகளோட மூளைக்கு ஈயத்துல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது.

பழசு உறுதியா ஒட்டியிருந்தா முழுக்கச் சுரண்டத் தேவையே இல்லை. உரிஞ்ச இடத்தை மட்டும் தண்ணி தெளிச்சு, நனைக்கக்கூடிய உப்புத்தாளால தேய்ச்சு, கீழ பொலித்தீன்ல விழுறதை மடிச்சு எடுங்க. காய்ஞ்ச உப்புத்தாள், மெசின், ஊதுவிளக்கு மூணும் வேண்டாம். சூட்டுல ஈயம் புகையா வரும். ஜன்னல் திறந்து மூடும்போது சட்டமும் கதவும் உரசுற ஓரம்தான் முக்கியம், தினமும் தூள் விடுற இடம் அது. அந்த ஓரத்தை மட்டும் மரம் தெரியிற வரைக்கும் ஈரமா எடுத்துருங்க. ஜன்னல் கம்பிக்குச் சிவப்பு ஈயப் பிரைமர் கேக்காதீங்க, சிங்க் பொஸ்பேட் பிரைமர் கேளுங்க.

தச்சன்தலவாக்கலை
மரக்கதவுக்கு எனமலே வேணும்னு இல்லை, ஆளிவிதை எண்ணெய் ரெண்டு கை போதும். ஒண்ணு மட்டும்: எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போட்டா தானாவே சூடாகித் தீப்பிடிக்கும். விரிச்சு வெளியே காயப்போட்டுட்டுத்தான் எறியணும்.

டிக்கோயா7பேர்ச்
பழைய கைமரம் நல்லா இருக்கு, அதையே வச்சுக்கலாமா? அதுல பழைய ஒயில் அடிச்ச மாதிரி கறுப்பா இருக்கு.

தச்சன்தலவாக்கலை
அஸ்பெஸ்டாஸ் இறக்கின கையோட ஈரத்துணியால துடைச்சுட்டு, உளியால குத்திப் பாருங்க. கால் அங்குலத்துக்கு மேல இறங்கினா அந்த மரத்தை மாத்துங்க. கறுப்பு அடுப்புப் புகைன்னா சோப்புத் தண்ணியில போயிரும். பிசுபிசுன்னு விரல்ல ஒட்டினா ஒயில். அப்ப இழைக்கப் போகாதீங்க, ஒயில் ஊறின சுருள் எல்லாம் கடைசியில அடுப்புல எரிஞ்சு புகையாத்தான் வரும். ஒயில் மரத்துல வெங்காரக் கரைசலும் ஊறாது. நல்ல மரம்னா அப்படியே விட்டு, கீழ சீலிங் பலகையை நெருக்கமா அடிங்க.